பத்மநாபபுரம் அரண்மனையை நாம் ஏன் காண வேண்டும்?



வெள்ளி விழாவையொட்டி நம் மாணவர்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லச் சங்கம் முடிவு செய்துள்ளது. “நம்மை ஒதுக்கி வைத்த அரசர்களின் வீட்டை நாம் ஏன் பார்க்க வேண்டும்?” என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே.

தக்கலைக்கு அருகே கோட்டைக்குள் அமைந்த இவ்வரண்மனை, மார்த்தாண்ட வர்மர் காலத்தில் (1729–1758) திருவிதாங்கூரின் தலைமையிடமாக விளங்கியது. 1956இல் கல்குளம் வட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், கேரளத் தொல்லியல் துறையே இதனை அருங்காட்சியகமாகப் பேணி வருகிறது. மரவேலையின் நுட்பத்தையும் பளபளக்கும் கருந்தளத்தையும் வழிகாட்டிகளே விளக்குவர்.

ஊட்டுப்புரையில் மட்டும் சற்று நில்லுங்கள். ஈரடுக்கு மண்டபம், ஒரே வேளையில் இரண்டாயிரம் பேர் அமர்ந்து உண்ணலாம் என்பர். அந்தணர்க்கு அங்கே அன்னம் படைக்கப்பட்டது. அவ்வளவு நெல் எங்கிருந்து வந்தது? வயலில் இறங்கி அதனை விளைவித்தோருள் நம் முன்னோரும் இருந்தனர். அவர்கள் நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்கப்பட்டனர். நாஞ்சில் நாட்டில் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் ஆள் விற்ற ஆவணங்களைக் காணலாம். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான்.

அவ்வளாகத்திலேயே சரசுவதி கோயில் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அத்தேவி திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் செல்கிறாள். கல்வித் தெய்வத்துக்கு இத்துணைச் சிறப்பு! அதே நாட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அய்யன்காளி அவர்கள் பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அப்பள்ளியையே தீக்கிரையாக்கினர். அரசின் கோயில்களுள் நுழையும் உரிமை நமக்குக் கிட்டியது 1936 நவம்பர் 12ஆம் நாள் பிரகடனத்துக்குப் பின்னரே.

இன்று அது அரசரின் வீடன்று, பொதுச் சொத்து. நம் முன்னோரின் உழைப்பும் அதற்குள் இருக்கிறது. எனவே விருந்தினரைப்போல் வியந்து திரும்பாமல், பங்குடையவராய்ச் சென்று பாருங்கள். புறப்படுமுன் வீட்டிலுள்ள முதியவர்களிடம் பழைய வயல் வேலை, கூலி, தீண்டாமை பற்றிக் கேட்டு எழுதி வாருங்கள். அவற்றைத் தொகுத்து, உழைத்தோர்க்கும் அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் அமைக்குமாறு தொல்லியல் துறைக்குச் சங்கத்தின் சார்பில் விண்ணப்பிப்போம்.

திங்கட்கிழமை விடுமுறை; ஆகவே சனிக்கிழமை செல்வோம். காலணிகளை வாயிலில் விட்டே உள்ளே செல்ல வேண்டும். அந்த விதி இப்போது எல்லார்க்கும் பொது.