மாணவருக்கு நேரம் கிடைக்கும்போது நூலகம் திறந்திருக்கட்டும்



இன்று ஆகஸ்ட் 12. சீர்காழி தந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாள். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வந்த சில நாட்களிலேயே அந்த வேலை பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே போய்விடுகிறேன் என்றார். லண்டனுக்குப் பயிற்சிக்குப் போனவர், அங்கே பொது நூலகங்கள் மக்களை எப்படி வரவேற்கின்றன என்று பார்த்தார். திரும்பி வந்ததும் புத்தக அடுக்குகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். நீங்களே போய் எடுத்துப் பாருங்கள் என்றார். 1931-இல் அவர் நூலாக வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைப் பற்றியது. நூலகம் அந்த நேரத்தை மிச்சப்படுத்தித் தரவேண்டும் என்றார். அந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பேசப்போகிறேன்.

நம் மாணவர்களுடைய நேரம் எப்படிப் போகிறது? விடியற்காலை டவுன் பஸ். நாலரை மணிவரை வகுப்பு. அதற்குமேல் நூலகத்துக்கு ஓடினால், ஐந்தேகாலுக்கு விளக்கை அணைக்கத் தொடங்குகிறார்கள். ஞாயிறு விடுமுறை. வகுப்பு நடக்கும் நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் நூலகத்தில் மாணவர் எப்போது படிப்பார்? வீட்டில் தனி மேசையும் தனி அறையும் உள்ள பிள்ளைக்கு இது சிறிய குறை. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு நூலகம்தான் படிக்கும் அறை. அதை மாலையில் பூட்டுவது அந்தப் பிள்ளையின் படிப்பைப் பூட்டுவது!

அடுத்து, புத்தகம் தேடும் கணினியின் முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நம் நூலகங்கள் பலவற்றில் தமிழ்ப் புத்தகங்களின் பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். ழகரத்துக்கு ஒருவர் இசட், எச் போட்டிருப்பார். இன்னொருவர் எல் போட்டிருப்பார். ‘தமிழக வரலாறு’ என்று தமிழில் தட்டுகிற மாணவிக்கு, ஒன்றும் இல்லை என்று திரை சொல்கிறது. ஆங்கிலத்தில் மூன்று விதமாகத் தட்டிப் பார்த்துவிட்டு அவள் போய்விடுகிறாள். புத்தகமோ இரண்டாம் மாடி அலமாரியில் இருக்கிறது! கோஹா போன்ற இலவச நூலக மென்பொருளிலேயே தமிழில் பதியலாம், தமிழில் தேடலாம். உட்கார்ந்து பதிவதற்கு ஆட்கள்தான் வேண்டும். அந்த வேலையை நம் நூலக அறிவியல் மாணவர்களுக்கு உதவித்தொகையோடு கொடுங்கள் என்று துணைவேந்தர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மின்னிதழ்களுக்கு வருகிறேன். 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். அரசுப் பல்கலைக்கழக மாணவருக்கும் அதில் உரிமை உண்டு. நம் வரிப்பணம் அது! இந்த அரங்கில் எத்தனை முதுகலை மாணவர்கள் அதைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள்? தயங்க வேண்டாம், சொல்லித்தராதது எங்கள் குறை. சேர்க்கை நடக்கும் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவரையும் உட்காரவைத்து, எப்படி நுழைவது, ஒரு கட்டுரையை எப்படித் தேடி எடுப்பது என்று செய்து காட்டவேண்டும். விடுதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் பயன்படுத்தும் வழியைக் காட்டவேண்டும்.

பார்வையற்ற மாணவர்களை மறக்கக்கூடாது. திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு கணினி, ஒரு ஹெட்ஃபோன், பாடநூல்களை ஸ்கேன் செய்து தரும் ஓர் ஊழியர். இவ்வளவு இருந்தால், பக்கத்தில் ஒருவர் படித்துக்காட்டும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

நேரத்தை நீட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, இருக்கிற ஊழியர் தலையிலேயே இரண்டு ஷிப்டைக் கட்டுவது நியாயமாகாது. காலியிடங்களை நிரப்புங்கள். இரவு பத்துமணிவரை திறப்பதென்றால் பெண்கள் கழிப்பறையில் தண்ணீரும் விளக்கும் வேண்டும், வாசலில் காவலர் வேண்டும், கடைசிப் பேருந்து வளாகத்துக்குள் வந்துபோக வேண்டும். மாணவியர் என்னிடம் முதலில் கேட்டது இவற்றைத்தான்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். வரும் பருவத் தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் மட்டுமாவது, ஞாயிறு உட்பட, இரவு பத்துவரை வாசிப்பு அறையைத் திறந்து வையுங்கள். வருகிறவர்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கோடு ஆட்சிமன்றக் குழுவின் முன்னால் நானும் வந்து நிற்கிறேன்.