தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வா!

கட்டுரை நோட்டில் பசுவைப் பற்றி எழுதாத ஆள் நம்மில் உண்டா? 1937-இல் அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை கொஞ்சம் விட்டது. கட்டுரைக்குப் பதிலாக, வீட்டில், அக்கம்பக்கத்தில் இருக்கும் பெரியவர்களிடம் பழங்கதை கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். புதையல் எங்கே புதைந்திருக்கிறது, பல்வலிக்கு என்ன கைவைத்தியம், மோகினிகள் குடியிருக்கும் மண்மேட்டை உழுதவனுக்கு என்ன ஆயிற்று... இப்படி!

1939 வரை சுமார் 5,000 பள்ளிகளைச் சேர்ந்த 50,000 பிள்ளைகள் எழுதிக் குவித்தார்கள். ஏற்பாடு செய்தது, 1935-இல் தொடங்கிய ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம்.

ஆணையத்தின் ஆட்களோ எடிஃபோன் என்ற கனத்த ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். மெழுகு உருளையில் கிழவர் சொல்லும் கதை பதிவாகும். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சொல் பிசகாமல் எழுதிக்கொள்வார்கள். பிறகு? பெரும்பாலும் உருளையைச் சீவி வழவழப்பாக்கி அடுத்த கதைக்கு வைத்துக்கொள்வார்கள். கையில் காசில்லை, என்ன செய்வது! கதை தாளில் தங்கியது. குரல் மெழுகுத் தூளாகப் போயிற்று. எனக்கு இதுதான் மனசு கேட்கவில்லை.

1971-இல் இந்தச் சேகரம் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. அந்தப் பிள்ளைகளின் நோட்டுகளை இன்று இணையத்திலேயே புரட்டலாம், அவரவர் கையெழுத்தோடு.