தலைப்பில் இருந்த கேள்விக்குறி

  

என் வழக்கு இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அறிவியல் எழுதுகிறவர் மூலத்தின் பெயரையும் ஆண்டையும் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்பது என் சக ஆசிரியர்களின் கட்சி. மூலம் சொன்னதைச் சொன்ன அளவிலேயே சொல்லாவிட்டால், பெயர் போட்டும் பொய் சொல்லலாம் என்பது என் கட்சி.

கிளைபோசேட் என்ற களைநாசினியின் கதையைப் பாருங்கள். 2014இல் சன்ன ஜயசுமன, சரத் குணதிலக்க, பிரியந்த சேனாநாயக்க மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இலங்கையின் வறண்ட வலய விவசாயிகளை வாட்டும், காரணம் தெரியாத சிறுநீரக நோய் பற்றியது அது. இந்தக் களைநாசினி, கிணற்றின் கடின நீரோடும் ஆர்சனிக் போன்றவற்றோடும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்றார்கள். கருதுகோள் என்று அவர்களே எழுதினார்கள். தலைப்பே கேள்விக்குறியோடுதான் முடிகிறது.

பயிற்சி வகுப்புகளுக்கு நான் கொண்டுபோகும் பத்திரிகை நறுக்கு ஒன்று உண்டு. மூவரின் பெயரும் சரி, ஆண்டும் சரி. வாக்கியம் மட்டும் "நிரூபித்துள்ளனர்" என்று முடிகிறது. அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். கேள்விக்குறி மட்டும் போகவில்லை, கடின நீரும் சேர்ந்தே போய்விட்டது. அந்தக் கருதுகோள் நிற்பதே கடின நீரின் மேல். நம் இரத்தினபுரியிலோ ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. லயத்துப் பீலித் தண்ணீரில் சவர்க்காரம் தேய்த்தால் நுரை பொங்கும், அது மென்னீர். அந்தக் கருதுகோள் இங்கே பொருந்தாது.

இருந்தும் 2015இல் கிளைபோசேட்டுக்கான தடை நாடு முழுவதற்கும் வந்தது. யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் தேயிலைக்கு நடுவே புல் ஏறியது. அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து அதற்குள் நின்று கொழுந்தெடுத்தவர்கள் நம் பெண்கள். மாற்றாக அடித்த எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினியின் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் முறையிட்டது. 2018இல்தான் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. தடைக்குக் காரணம் பலவாக இருக்கலாம். ஆனால் எழுதியவர்களான நாம் மக்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லவில்லை.

கிளைபோசேட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கையுறை இல்லாமல் மருந்தடிக்கும் தொழிலாளியின் உடம்புக்கு என்ன ஆகிறது என்பது கேட்டே ஆகவேண்டிய கேள்வி. ஆனால் அதற்குப் பதில் தேடவும் பொருந்தாத சான்று உதவாது. 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்றது. அதைச் சிறுநீரக நோய்க்குச் சாட்சியாக நிறுத்துவது தவறு.

மற்றவற்றைச் சுருக்குகிறேன். நாளிதழில் பார்த்து எழுதினால் நாளிதழையே சொல்லுங்கள். மூலத்தைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். தோட்டத்துத் தொழிலாளி சொன்ன தகவலும் மூலம்தான். அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள். 'கருதுகோள்', 'தொடர்பு', 'காரணம்' என்ற மூன்றையும் குழப்பாத சிறு கையேடு ஒன்று தோட்டப் பாடசாலைகளுக்கு வேண்டும். சபரகமுவ நீர்நிலைகளின் கடினத்தன்மையை மாணவர்களே அளந்து பதியலாம். இளையவர்கள் யாராவது இவற்றை எடுத்துச் செய்யட்டும்.

அந்த 2014 கட்டுரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டுக்குப் போனதும் அதன் தலைப்பையாவது கடைசி எழுத்து வரை வாசியுங்கள்.