இருக்கிறதா, பெருகுகிறதா?



செல் வளர்ப்பில் ஹெர்பிஸ் வைரஸ்களைக் கண்டறியும் முறைகள் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை சில மணி நேரத்தில் விடை சொல்லும்போது, குடுவையில் செல்களை வளர்த்து நாள்கணக்கில் காத்திருப்பானேன் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு என் மறுமொழியே இந்த உரை.

ஹெர்பிஸ் குடும்பம் ஒருமுறை உடலில் புகுந்தால் வெளியேறுவதில்லை. சிறுவயதில் சின்னம்மையாக வந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாகத் தலைகாட்டுகிறது. இரண்டும் ஒரே வைரஸின் வேலை என்று 1950களில் தாமஸ் வெல்லர் காட்டியது செல் வளர்ப்பின் துணையால்தான். இப்படிப் பதுங்கும் வைரஸின் டிஎன்ஏ கிடைத்தது என்பது பாதி விடைதான். அது உறங்குகிறதா, பெருகுகிறதா என்பது மீதிக் கேள்வி.

வளர்ப்பில் அந்தப் பெருக்கத்தைக் கண்ணால் பார்க்கிறோம். எளிய ஹெர்பிஸ் வைரஸ் பெரும்பாலும் சில நாட்களிலேயே வீரோ என்னும் வளர்ப்புச் செல்களை உருட்டி, உப்ப வைத்து, ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. அதே குடும்பத்தின் சைட்டோமெகலோ வைரஸ் அப்படி அவசரப்படாது. மனித ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் வாரக்கணக்கில் காக்க வைக்கும். மாதிரியைச் செல் படலத்தின் மீது மையவிலக்கில் சுழற்றி, தொடக்கநிலைப் புரதத்தை ஒளிரும் ஆன்டிபாடியால் தேடும் ஷெல் வயல் முறை 1980களில் வந்து, அந்தக் காத்திருப்பை ஓரிரு நாளாகக் குறைத்தது. பின்னர், எளிய ஹெர்பிஸ் புகுந்தால் சாயமிட்டதும் நீலமாகும்படி மரபணு மாற்றிய செல்களும் வந்தன.

பிசிஆரின் பெருமையைக் குறைத்துப் பேசவில்லை. ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலில் பெரியவர்களின் தண்டுவட நீரிலிருந்து வைரஸ் வளர்வது அரிது. அங்கே பிசிஆரே முதல் சோதனை. ஆனால் அசைக்ளோவிர் என்னும் ஹெர்பிஸ் மருந்து பலிக்காத நோயாளியிடம், அம்மருந்துக்கு வைரஸ் அடங்குகிறதா என்று நேரடியாகச் சோதிக்க உயிருள்ள வைரஸ் வேண்டும். மரபணுவில் புதிய மாற்றம் ஒன்று தென்பட்டால், அது எதிர்ப்பைத் தருகிறதா என்று மெய்ப்பிக்கவும் வளர்ப்புதான் வேண்டும்.

வளர்ப்பின் வெற்றி ஆய்வகத்துக்கு வெளியிலேயே தொடங்குகிறது. கொப்புளம் புதிதாக இருக்கும்போதே மாதிரி எடுக்க வேண்டும். அதை 4 டிகிரி குளிரில் விரைந்து அனுப்ப வேண்டும். மைனஸ் 20 உறைபெட்டியில் வைத்தால் வைரஸ் வீரியம் இழக்கும். பிசிஆரில் தெரியும், வளர்ப்பில் தெரியாது. பிறகு வளர்ப்பு முறையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இங்கே வந்திருக்கும் ஆய்வகத் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். புதிய கருவி வாங்குங்கள். ஆனால் வளர்ப்பு அறையைப் பூட்டிவிடாதீர்கள். நுண்ணோக்கியில் செல்லின் மாற்றத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரையாவது ஒவ்வோர் ஆய்வகத்திலும் பழக்கி வையுங்கள். இந்தக் கோரிக்கையோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.