யாழ்ப்பாணம் தன் போரை எழுதிய வகை



யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவரிடம், அவர் மகளுக்கு எந்த ஆண்டிலே திருமணம் நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டைக் கூறமாட்டார். "இடப்பெயர்வுக்கு முந்தின ஆவணியிலே" என்பார். மூத்த பேரன் "இந்தியன் ஆமி வந்த வருடம்" பிறந்தவன். கிணறு "பாதை திறந்த பிறகு" இறைத்துத் துப்புரவாக்கியது. இந்தியப் படை வந்தது 1987ஆம் ஆண்டு. இடப்பெயர்வு என்று அடைமொழியின்றிச் சொன்னால் அது 1995ஆம் ஆண்டு. கண்டி வீதியாகிய பாதை திறந்தது 2002ஆம் ஆண்டு. முன்னாளிலே எங்கள் பாட்டன்மார் புயலையும் கொள்ளைநோயையும் கொண்டு காலத்தைக் கணித்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் போரைக் கொண்டு கணிக்கின்றனர். வாய்மொழியாக வழங்கும் இந்தப் பஞ்சாங்கம் ஏட்டிலும் நூலிலும் எவ்வாறு ஏறியது, ஏறாமல் நின்றது எது என்பதையே இன்று சிறிது பேச எண்ணுகிறேன்.

நாடிழந்த பின் நாட்டின் கதையை எழுதுவது எங்கள் ஊருக்குப் புதிதன்று. நல்லூர் அரசு போர்த்துக்கீசர் கையில் வீழ்ந்தது 1619ஆம் ஆண்டு. நூறாண்டுக்கு மேல் கழித்து, 1736ஆம் ஆண்டளவில், மக்கறா என்னும் ஒல்லாந்த அதிகாரி கேட்டுக்கொள்ள, மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். அந்நூலிலே பிழைகள் மலிந்துள்ளன. மன்னாரிலே 1544ஆம் ஆண்டிற் கொலைபுரிந்த சங்கிலியையும், 1619ஆம் ஆண்டில் அரசிழந்த சங்கிலியையும் அது ஒருவராகவே கொண்டுவிடுகிறது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனத்திலே, போர்த்துக்கீசரின் எழுத்துகளையும் துணைக்கொண்டு இத்தகைய வழுக்களை ஆராய்ந்தார். வரலாற்றாசிரியனின் தொழில் அதுவே. ஆயினும் புலவரிடத்தே ஒரு குணம் உண்டு. தம் நாட்டு அரசன் மன்னாரிலே அறுநூறு பேரைக் கொல்வித்தான் என்பதையும், யாழ்ப்பாணத்திலிருந்த சிங்கள பௌத்தர்களை எல்லைக்கு அப்பால் ஓட்டி அவர்களுடைய ஆலயங்களை அழித்தான் என்பதையும் அவர் மறையாது எழுதி வைத்தார். ஒல்லாந்தர் மனம் மகிழ எழுதினாரோ என்று ஐயுறுவார்க்கும் இடமுண்டு. இருக்கட்டும். எழுதினார் என்பதே எனக்குப் போதும். இந்த ஒரு குணத்தையே உரைகல்லாகக் கொண்டு நம் காலத்து எழுத்தை நோக்குவோம்.

நம் காலத்துப் போர் 1983ஆம் ஆண்டு மூண்டு 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது என்பர். யாழ்ப்பாணத்தவர் அதற்கும் இரண்டாண்டு முந்தியே கணக்கைத் தொடங்குவர். 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் எங்கள் பொதுசனநூலகம் எரியூட்டப்பட்டது. அந்நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் எரிந்தது. 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்நூலகத்தில் அப்போது ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன; ஏட்டுச் சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் அவற்றோடு போயின. வைபவமாலை முன்னரே அச்சேறியிருந்தமையால் நூல் பிழைத்தது. அச்சேறாதவை பிழைக்கவில்லை. பின்னர் வந்த குண்டுவீச்சும் ஓட்டமும் வீடுகளில் மிஞ்சியிருந்த கடிதங்களையும் உறுதிகளையும் நாட்குறிப்புகளையும் தின்றன. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையிலே கட்டிக்கொண்டு ஓடுபவன், தகப்பன் எழுதிய நாட்குறிப்பையும் எடுத்துச் செல்வான் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

சான்று இல்லாத இடத்திலே வரலாற்றாசிரியன் தயங்கி நிற்கிறான். அவன் நின்ற இடத்திலே கவிஞர்கள் புகுந்தனர். நூலகம் எரிந்த அவ்வாண்டிலேயே எம். ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையை எழுதினார். 1985ஆம் ஆண்டில் 'மரணத்துள் வாழ்வோம்' என்னும் தொகுதியும், அதற்கடுத்த ஆண்டில் பெண்கள் மட்டுமே எழுதிய 'சொல்லாத சேதிகள்' என்னும் தொகுதியும் வெளிவந்தன. சுற்றிவளைப்பு, ஊரடங்கு, இரவில் வந்து நிற்கும் வாகனம், திரும்பி வராத மகன் என்பனவெல்லாம் ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் செய்யுளுக்கு வந்துவிட்டன.

அதே 1986ஆம் ஆண்டிலே இன்னொன்றும் நடந்தது. இயக்கங்கள் ஒன்றையொன்று அழிக்கத் தலைப்பட்டன. யாழ்ப்பாணத்து முடுக்குகளிலே தமிழ் இளைஞரைத் தமிழ் இளைஞரே கொன்றனர். உறையூர் முற்றுகையின்போது நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று, இது ஒரே குலத்துக்கு நேரும் தோல்வியன்றோ என்று இடித்துரைத்த கோவூர்கிழார் நம் மொழிப் புலவர்தாம். அவரைப் பள்ளியிலே மனப்பாடம் செய்த நாங்கள் அப்போது வாய் திறந்தோமா? திறந்தவர் மிகச் சிலர்.

அச்சிலருள் நால்வர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள். ராஜன் ஹூலும் கே. ஸ்ரீதரனும் கணிதம் கற்பித்தவர்கள். தயா சோமசுந்தரம் உளமருத்துவர். ராஜினி திராணகம உடற்கூற்றியல் கற்பித்தவர். இவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய நூல் பின்னர் 'முறிந்த பனை' என்று தமிழாயிற்று. நால்வருள் ஒருவரேனும் வரலாற்றுத் துறையினர் அல்லர் என்பது நோக்கத்தக்கது. உடலையும் மனத்தையும் எண்ணையும் அறிந்தவர்கள், தாம் கண்ணாற் கண்டதையும் கண்டாரிடம் கேட்டதையும் எழுதினார்கள். 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 21, 22ஆம் நாட்களில், தீபாவளிக் காலத்திலே, இந்தியப் படையினர் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியுள் புகுந்து நோயாளரும் மருத்துவரும் தாதியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற செய்தி அந்நூலிலே விரிவாக உண்டு. இலங்கைப் படையினர் செய்தவை உண்டு. விடுதலைப் புலிகளும் பிற இயக்கங்களும் தம் மக்களுக்கே செய்தவையும் உண்டு. படையினரால் சிதைக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களை ராஜினி வீடுவீடாகச் சென்று கேட்டு எழுதினார்.

துசிடிடீஸ் என்னும் பழைய கிரேக்க ஆசிரியர் தம் நகரத்தின் நெடும்போரை எழுதியவர். தோற்ற படைத்தலைவர் என்று தம் நகரத்தாரால் நாடு கடத்தப்பட்டு, இருபது ஆண்டுகள் வெளியே இருந்ததனால் இருபுறத்துச் செய்தியையும் கேட்டறிய வாய்த்தது என்று தாமே குறிப்பிடுகிறார். எங்கள் நால்வருக்கும் அந்தத் தொலைவு இருக்கவில்லை. எழுதப்பட்டவர்களின் தெருவிலேயே அவர்கள் குடியிருந்தனர். 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள், மருத்துவ பீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பத்தைந்து. சுட்டவர்கள் புலிகளே என்று அவர்தம் குடும்பத்தாரும் தோழர்களும் கூறியுள்ளனர். நூல் அச்சாகி வெளிவந்தது அடுத்த ஆண்டிலே. தோழர்கள் ஊரைவிட்டுச் செல்ல நேர்ந்தது. முப்பதாண்டுக்கு மேலாக யாழ்ப்பாணத்தின் எண்பதுகளைப் பற்றி எழுதப் புகுவோர் எவரும், உடன்பட்டோ மறுத்தோ, அந்நூலைத் தாண்டிச் செல்ல இயலாதிருக்கின்றனர். அமெரிக்காவில் வாழும் வி. வி. கணேசானந்தன் 2023ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டு, மறு ஆண்டு பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்ற நாவல், அக்காலத்து யாழ்ப்பாண மருத்துவ மாணவி ஒருத்தியின் கதை. அதனுள்ளே ராஜினியின் சாயல் கொண்ட ஆசிரியை ஒருவரும் நடமாடுகிறார்.

எழுதியமைக்கு விலை கொடுத்தவர் அவர் ஒருவரல்லர். கவிஞர் சிவரமணி 1991ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் கைவசமிருந்த கவிதைகளை எரித்துவிட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். நண்பர்களிடம் சிதறிக் கிடந்தவையே இன்று நம்மிடம் உள்ளவை. அவ்வாண்டிலேயே புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்ட கவிஞர் செல்வி திரும்பவில்லை. நூலகம் எரிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், அது முறையே. ஒரு பெண் தன் கவிதைகளைத் தானே எரிக்கும் நிலைக்கு ஊர் அவளைக் கொண்டுசென்றதை நினைவுகூர்வதற்கு நாள் குறித்தாரில்லை.

இனி, என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் ஒரு தேதிக்கு வருகிறேன். அது ஒக்டோபர் 30.

1995ஆம் ஆண்டு அந்நாளிலே, இலங்கை இராணுவம் 'சூரியக்கதிர்' நடவடிக்கையிலே வலிகாமத்தை நெருங்கியபோது, எல்லோரும் வெளியேறுங்கள் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓரிரவிலே செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். மழையும் பெய்தது. அந்த இரவைப் பற்றிக் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் என்று எண்ணற்றவை எழுந்தன. நானும் அதைப் பற்றிப் பலமுறை மேடையிற் பேசியவன்; கேட்டோர் கண் கலங்கக் கண்டவன்.

அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1990ஆம் ஆண்டு, அதே ஒக்டோபர் 30ஆம் நாள், அதே நகரத்தின் சோனகத் தெருவிலே ஒலிபெருக்கி வந்தது. முஸ்லிம்கள் யாவரும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்திற் கூடுமாறு புலிகள் அறிவித்தனர். இரண்டு மணி நேரமே அவகாசம். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. சொற்பக் காசோடு மக்கள் அனுப்பப்பட்டனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அம்மாதத்திலே துரத்தப்பட்டவர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்தனர். ஒரே தேதி; ஒரே நகரம்; அறிவித்தவரும் ஒருவரே. ஆயினும் நான் அறிந்த அளவிலே தமிழில் முதல் வெளியேற்றத்தைப் பற்றி எழுந்த எழுத்து மிகக் குறைவு. அதிலும் பெரும்பகுதி வெளியேற்றப்பட்டோர் தாமே எழுதிக்கொண்டது. மன்னாரைப் பிறப்பிடமாகக் கொண்ட பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா, 2018ஆம் ஆண்டில் மறையும் வரை, இவ்வெளியேற்றத்தின் கணக்கைத் திரட்டுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்தார். எந்த ஊரில் எத்தனை குடும்பம், எத்தனை வீடு, எத்தனை பள்ளிவாசல் என்று அவர் எண்ணியது, எங்கள் பக்கத்து வரலாற்றாசிரியரும் உடனிருந்து எண்ணியிருக்க வேண்டிய கணக்கு.

எனக்குப் பள்ளிக்கூடத்துச் சட்டை தைத்துத் தந்தவர் சோனகத் தெருவைச் சேர்ந்த ஒரு தையற்காரர். பெருநாளுக்கு வட்டிலப்பம் எங்கள் வீட்டுக்கு வரும்; பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் அவர் வீட்டுக்குப் போகும். அன்று மாலை எங்கள் வீட்டிலே எவரும் படலையைத் திறக்கவில்லை. அவர் எவ்வழியே போனார் என்று நான் பின்னரும் விசாரிக்கவில்லை. இவ்வுரையை எழுத அமர்ந்தபோதுதான், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதே எனக்குத் தெரியாது என்று உணர்ந்தேன். என்னுடைய தையல் அளவெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நாவலாசிரியர்கள் சிலர் இவ்விடத்திலே துணிவு காட்டியுள்ளனர். அல்லைப்பிட்டியிற் பிறந்து, இளமையிலே இயக்கத்திற் சேர்ந்து விலகிப் பாரிசிலே வாழும் ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001ஆம் ஆண்டில் வந்தது. நாவலாயினும் அதற்கு அடிக்குறிப்புகள் உண்டு. இன்னார் இன்ன நாளிற் கொல்லப்பட்டார் என்று ஆராய்ச்சி நூல் போலக் கீழே எழுதியிருக்கும். கதைக்கு அடிக்குறிப்பு எதற்கு என்று நகைத்தவர்கள் உண்டு. வரலாற்று நூல்கள் எழுதாது விட்டவற்றுக்கு வேறெங்கே இடம்? புலிகளின் மகளிர் அரசியற் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவர் மறைவுக்குப் பின் 2016ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, இயக்கத்தை உள்ளிருந்து விசாரிக்கும் அந்நூலை அவரே எழுதினாரா என்றுகூட வழக்காடினர்.

எண்ணிக்கை பற்றிய வழக்கும் ஓயவில்லை. 2009ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிலே 40,000 வரையான குடிமக்கள் மாண்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011ஆம் ஆண்டில் அறிக்கையிட்டது. இலங்கை அரசாங்கம் மறுத்தது. பெயர்ப்பட்டியல் இல்லாதவரை இவ்வழக்கு நீளும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டுப்பிரசுரங்களையும் பிரதிசெய்து காத்து வருகின்றனர். இம்முறை எரியூட்ட ஒரு கட்டடம் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

ஏட்டிலே இல்லாதவற்றுள் சில மண்ணிலே உள. 1998ஆம் ஆண்டிலே, மாணவி ஒருத்தியின் கொலைவழக்கில் தண்டனை பெற்ற இராணுவ வீரர் ஒருவர், செம்மணியில் முந்நூறு நானூறு பேர் புதைக்கப்பட்டுள்ளனர் என்று நீதிமன்றத்திலே கூறினார். மறு ஆண்டு தோண்டியபோது பதினைந்து உடல்கள் அகப்பட்டன. பின்பு நெடுங்காலம் பேச்சில்லை. 2025ஆம் ஆண்டில், அவ்விடத்தை அடுத்த சித்துப்பாத்தி மயானத்திலே கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளைப்படி, தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவவின் வழிகாட்டலில் அகழ்ந்ததில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. குழந்தைகளுடையவையும் அவற்றுள் உண்டு. பழைய அரசர்களின் நகரத்தைத் தேடும் தூரிகையும் கரண்டியும் இங்கே முப்பதாண்டு முந்திய மண்ணைத் துடைத்தன.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே, கண்டெடுத்த பொருள்களை உறவினர் இனங்காணும்பொருட்டு மயானத்திலே பரப்பி வைத்தனர். துணிகள், செருப்புகள், வளையல்கள், ஒரு பாற்போத்தல், பிள்ளையொன்றின் நீலநிறப் புத்தகப்பை. 1995ஆம் ஆண்டு மழையிரவிலே சனம் நடந்துபோன அதே பாதையின் ஓரத்திலே, முதிய தாய்மார் வரிசையாக நின்று, குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு சென்றனர்.