பழவேற்காட்டுப் பாதிரியாரும் அவர் விட்டுச் சென்ற ஏடும்



கடல் கடந்து சென்று பல்லாண்டு பணிபுரிந்து வீடு திரும்பும் ஒருவர், தம்முடன் எதைக் கொண்டு வருகிறார்? பொருள் கொண்டு வருவோர் உண்டு. நோயைக் கொண்டு வருவோரும் உண்டு. தாம் கற்றுக்கொண்டதைக் கொண்டு வருவோர் சிலரே. அத்தகைய ஒருவரைப் பற்றியும், அவர் மறைந்த பின் அவருடைய உழைப்பைக் காத்த குடும்பத்தைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு உள்ளது. அதன் ஏரி, நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது. பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் பரந்து கிடக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய மீனவர் ஊர்கள் அதன் கரையில் உள்ளன. அக்கரையில் இருந்த ஒரு பள்ளியில் நான் சில ஆண்டுகள் தலைமையாசிரியனாகப் பணியாற்றினேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்தவன் என்ற பெருமிதம் எனக்கு நிரம்ப உண்டு. ஒரு நாள், பள்ளிக்கு வாராத மாணவன் ஒருவனைக் கடிந்துகொண்டேன். மறுநாள் அவனுடைய பாட்டனார் வந்தார். “ஐயா, நேற்று எங்கள் தலைக்கட்டுக்குப் பாடு. வலைக்கு ஆள் போதவில்லை. அதனால் பையனை அழைத்துப் போனேன். அந்த ஒரு நாளை விட்டால் மறுபடி முறை வர நாளாகும்,” என்றார்.

பாடு என்றால் துன்பம் என்றே நான் அறிந்திருந்தேன். “பெரியவரே, பாடு என்பது என்ன?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஏரியில் மீனும் இறாலும் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். நல்ல இடத்தை வலியவன் ஒருவனே பிடித்துக்கொள்ளாதபடி, குடும்பங்களுக்குள் சீட்டுக் குலுக்கி, முறை வைத்து, அவ்விடங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு தலைக்கட்டு என்பது ஒரு குடும்பம். பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் ஆராயும் ஒரு சிக்கலுக்கு அம்மக்கள் தமக்குள்ளேயே ஒரு தீர்வு கண்டிருந்தார்கள். அன்று முதல் மாலை வேளைகளில் படகோரத்தில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்லக் காற்றின் பெயர்களையும் மீனின் பெயர்களையும் குறிப்பேட்டில் எழுதலானேன். கற்பிக்கச் சென்ற நான் மாணவனானேன்.

எனக்கு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, அதே கரையில், கற்பிக்க வந்து மாணவனான ஒருவர் இருந்தார் என்பதைப் பிற்காலத்தில்தான் படித்தறிந்தேன். அவர் பெயர் ஆபிரகாம் ரொகேரியுஸ்.

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில், சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்துக்கு அதுவே தலைமையிடம். இன்று கோட்டை முட்புதர் மூடிய மேடாகிவிட்டது. எலும்புக்கூடுகள் செதுக்கிய வாயிலோடு அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது.

ரொகேரியுஸ், கீழை நாடுகளுக்குச் சமயகுருமாரை ஆயத்தம் செய்வதற்காக லைடன் நகரில் நடைபெற்ற பயிற்சிக் கல்லூரியில் பயின்றவர். 1632 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பழவேற்காட்டில் பாதிரியாராக இருந்தார். தம் சமயத்தைப் போதிப்பதே அவர் பணி. ஆயினும், போதிப்பதற்கு முன் இம்மக்கள் எதை நம்புகின்றனர் என்பதை அறிய விரும்பினார். பிறர் கூறிய கட்டுக்கதைகளோடு அவர் நிறைவு கொள்ளவில்லை. அக்காலத்தில் பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்திருந்த பத்மநாபர் என்னும் அந்தணரை அணுகினார்.

ரொகேரியுஸ் வடமொழி அறியாதவர். பத்மநாபர் டச்சு மொழி அறியாதவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது போர்த்துக்கீசிய மொழி. இருவருக்கும் தாய்மொழி அல்லாத அம்மொழியில் ஒருவர் வினவினார்; மற்றவர் விடை கூறினார். சடங்குகள், திருவிழாக்கள், கோயில்கள், தெய்வங்கள், மறுபிறப்புப் பற்றிய கொள்கை ஆகிய எல்லாவற்றையும் பாதிரியார் எழுதிக்கொண்டார். பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியம் என்னும் இரு பகுதிகளைச் சார்ந்த பாடல்களுக்கும் பத்மநாபர் பொருள் உரைத்தார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்கோட்டை அறநிலையம் அன்று. துணியும் வெடிமருந்தும் ஏற்றப்பட்ட அத்துறையிலிருந்தே, நம் மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அக்கம்பெனியின் ஊதியத்தில் வாழ்ந்தவர்தாம் ரொகேரியுஸ். நம் சமயத்தை அவர் பொய்ச் சமயம் என்றே கருதினார். அவர் நூலின் தலைப்பே அதைக் காட்டும். எனினும், தாம் ஏற்காத ஒன்றையும் திரிக்காமல் எழுத வேண்டும் என்ற நேர்மை அவரிடம் இருந்தது. செய்தியைத் தந்தவர் யார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதனாலேயே பத்மநாபரின் பெயர் நமக்குக் கிடைத்தது.

பழவேற்காட்டுக்குப் பின் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1647இல் அவர் தாயகம் திரும்பினார். ஓய்ந்திருந்து தம் நூலை அச்சில் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1649இல் கௌடா நகரில் காலமானார்.

இத்தகைய கதைகள் பலவும் இந்த இடத்தில்தான் முடிந்துவிடுகின்றன. வீட்டில் ஒரு கட்டுக் காகிதம் கிடக்கும், தூசி படியும், பின்னர் அடுப்புக்கோ கடைக்கோ போய்விடும். ஆனால் அவருடைய மனைவி எம்மரென்ஷியா போல்ஸ் அம்மையார் அவ்வாறு விடவில்லை. கணவரின் கையெழுத்துப் படியை 1651இல் லைடன் நகரில் அச்சேற்றுவித்தார். ‘மறைந்து கிடக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு’ என்பது அந்நூலின் பெயர்ப் பொருள். 1663இல் ஜெர்மன் மொழியிலும், 1670இல் பிரெஞ்சு மொழியிலும் அது வெளிவந்தது.

வடமொழி நூலொன்றின் பகுதிகள் ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதுவே முதன்முறை. சார்லஸ் வில்கின்ஸ் பகவத்கீதையை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1785இல். அதற்கு 134 ஆண்டுகளுக்கு முன்பே, பழவேற்காட்டில் நிகழ்ந்த உரையாடல் ஐரோப்பாவில் ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்டர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அந்த மொழிபெயர்ப்பைக் கொண்டே பர்த்ருஹரியின் கருத்துகளைத் தம் மொழியில் கவிதையாக்கினார். 1915இல் டச்சு அறிஞர் காலந்து அந்நூலை மீண்டும் பதிப்பித்தார்.

மாணவர்களே, இந்நூலுக்கு உரியவர் ஒருவர் அல்லர், மூவர். கூறியவர் பத்மநாபர். கேட்டு எழுதியவர் ரொகேரியுஸ். காத்து அளித்தவர் எம்மரென்ஷியா. நூலின் முகப்பில் பெரிதாக நிற்பது ஒருவர் பெயரே. ஆயினும் மூவருள் ஒருவர் தவறியிருந்தாலும் அந்நூல் இல்லை.

இதை நான் பிறர் கதையாகச் சொல்லவில்லை. ஓய்வுபெற்று வீடு மாற்றியபோது, பழைய தாள்களைக் கட்டி எடைக்குப் போட எடுத்து வைத்தேன். ஏரிக்கரைக் குறிப்பேடுகளும் அக்கட்டில் இருந்தன. என் மனைவி அவற்றைப் பிரித்துப் பார்த்தாள். “அந்தப் பெரியவர் சொன்னதெல்லாம் இதில் இருக்கிறதே! இதையா எடைக்குப் போடப் போகிறீர்கள்?” என்று கேட்டாள். நான் தலைகுனிந்தேன். அப்பெரியவர் அப்போது உயிரோடு இல்லை. அவரிடம் மீண்டும் கேட்டு எழுத வழியில்லை. காற்றின் பெயர்கள் சிலவற்றை அவருக்குப் பின் நான் வேறு எவர் வாயிலும் கேட்டதில்லை.

இப்போது நாள்தோறும் காலையில் அக்குறிப்புகளைப் படியெடுத்து வருகிறேன். முதற்பக்கத்தில் அப்பெரியவரின் பெயரை எழுதியிருக்கிறேன். அதன் கீழ் என் மனைவியின் பெயர். கடைசியில் என் பெயர்.

நீங்களும் நாளை வேலையின் பொருட்டு வேற்றூர் செல்வீர்கள். வேற்று நாடும் செல்வீர்கள். கற்பிக்கும் பதவியும் உங்களுக்குக் கிடைக்கலாம். சென்ற இடத்து மக்களிடம் கேளுங்கள். கேட்டதைத் திரிக்காமல் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் குறித்து வையுங்கள். அதற்கு முன்னதாக, இன்று மாலையே உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து, அவருடைய தொழிலில் வழங்கும் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டா.