வழி விலகிய பயணங்கள்



காஞ்சியிலிருந்து தெற்கே பாலாற்றை நோக்கிச் செல்வோர் ஓரிக்கையைக் கடந்து போவர். நின்று பார்ப்போர் சிலரே. ஆயினும் இவ்வூரின் பெயரிலேயே ஒரு பயணம் உறைந்து கிடக்கிறது.

பல்லவ மன்னன் ஒருவன் தன்னைப் பாடுமாறு கணிகண்ணனைப் பணித்தான். புலவர் மறுத்தார், நாடு கடத்தப்பட்டார். ஆசானாகிய திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டார். அவர் சொற்கேட்டுத் திருவெஃகாப் பெருமாளும் அரவணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். மூவரும் ஓரிரவு இருந்த இடம் 'ஓரிரவிருக்கை'; அதுவே ஓரிக்கை என மருவிற்று என்பது வைணவ மரபு. மன்னன் பிழையுணர்ந்து வேண்டவே மூவரும் மீண்டனர். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்னும் திருப்பெயரும் அதனால் வழங்குகிறது.

ஏழாம் நூற்றாண்டில் மற்றொரு பயணியும் காஞ்சிக்கு வந்தார். அவர் சீனத் துறவி யுவான் சுவாங். பாலைவனத்தில் நீர்ப்பை கவிழ்ந்துவிட, நான்கு இரவும் ஐந்து பகலும் நீரின்றித் தவித்தவர். காந்தாரத்திலும் கபிலவத்துவிலும் பாழடைந்த விகாரங்களைத் தேடிக் கண்டவர். ஏறத்தாழ 640இல் காஞ்சியை அடைந்தார். நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களையும் பதினாயிரம் பிக்குகளையும் குறித்த அவர், எண்பது தேவர் கோயில்களையும் சமணர் மிகுதியையும் மறைக்கவில்லை. நகரின் தெற்கே, அசோகன் எடுத்ததெனப்பட்ட நூறடி உயரத் தூபி ஒன்று நின்றதாகவும் எழுதினார்.

இன்று அத்தூபியின் இடம் தெரியவில்லை. து. அ. கோபிநாதராவ் 1915இல் காஞ்சியின் புத்தர் சிலைகளைப் பற்றி எழுதியபோது, பழைய பௌத்த நகரின் சில எச்சங்களே வெளிப்பட்டன. பல்லவர் அரண்மனையும் மண்ணோடு மண்ணாயிற்று. செங்கல் அழிந்தது, பயணியின் குறிப்பு நின்றது. பாட்டால் புகழ் வேண்டிய மன்னனைக் கதை சொல்வோர் 'பல்லவ மன்னன்' என்பதோடு விட்டுவிடுகின்றனர். பாட மறுத்த கணிகண்ணனின் பெயரோ நிலைத்திருக்கிறது. அவர் தங்கிய ஓரிரவு ஓர் ஊருக்கே பெயராயிற்று.

பாவலர்க்கு இவ்விரு பயணங்களும் இரு கடமைகளை உணர்த்துகின்றன. பாடத் தகாததைப் பாட மறுப்பது ஒன்று. கண்டதை, தமக்கு உவப்பில்லாததாயினும், உள்ளவாறு எழுதி வைப்பது மற்றொன்று. முன்னதற்குத் துணிவு வேண்டும். பின்னதற்கு நேர்மை வேண்டும். பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டம் தன் ஏடுகளைப் புரட்டும்போது இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொள்ளலாம். அடுத்த முறை பாலாற்றுக்குச் செல்வோர் ஓரிக்கையில் சற்றே வழி விலகி நிற்பாராக. அங்கே காண்பதற்கு இடிபாடு இல்லை. நினைப்பதற்கு ஓர் இரவு உண்டு.